லடாக்கில் அர்கலி பார்க்க: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லடாக் போய் ஏரி பார்த்துவிட்டு வரும் வழியில் அர்கலி என்ற காட்டுச் செம்மறியாட்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். லடாக் முழுவதும் தேடினாலும் சில நூறு அர்கலிகள்தான் தேறும். மனிதனைக் கண்டால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலேயே நடையைக் கட்டிவிடும். ஆனால் அதைப் பார்ப்பது வெறும் அதிர்ஷ்டக் கணக்கு இல்லை. தப்பான மாதம், ஒரே இரவுத் தங்கல், மூச்சு பழகாத உடம்பு என்று பயணம் கெடுவதெல்லாம் சென்னையில் டிக்கெட் போடும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1. எந்த ஆடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் அர்கலி என்று தேடினால், கொம்பு இரு பக்கமும் அகல விரிந்து நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படங்கள் வரும். அவற்றில் பாதி பாமிர் மலையின் மார்க்கோ போலோ ஆடுகள். அது அர்கலியின் இன்னொரு கிளையினம், லடாக்கில் கிடையாது. நீங்கள் பார்க்கப் போவது திபெத்திய அர்கலி. லடாக்கியில் அதன் பெயர் நியான். கொம்பு அவ்வளவு விரியாது, ஆனால் பருமன் அதிகம். பின்னால் போய், கீழே இறங்கி, கன்னத்தை ஒட்டி முன்னால் சுருண்டு வரும்.

லடாக்கில் ஆட்டு வகையில் நான்கு காட்டு விலங்குகள் உண்டு. நான்கையும் பிரிக்கத் தெரியாமல் போனால், வேறு எதையோ பார்த்துவிட்டு அர்கலி பார்த்த திருப்தியோடு ஊர் திரும்புவீர்கள்.

நாபோ, அதாவது பரல் (நீல ஆடு): செங்குத்துப் பாறையை விட்டு அதிகம் விலகாது. கொம்பு வழவழப்பாக, பக்கவாட்டில் வளைந்து பின்னால் போகும். முன்னங்காலில் கறுப்புக் கோடு இருக்கும்.

ஷாபோ, அதாவது யூரியல்: சிந்து, ஷியோக் பள்ளத்தாக்குகளில், தாழ்வான சரிவுகளில் இருக்கும். கிடாவுக்குக் கழுத்தடியில் கறுப்பும் வெள்ளையுமாகத் தாடி தொங்கும்.

ஸ்கின், அதாவது ஐபெக்ஸ்: இது வெள்ளாட்டு இனம். அரிவாள் மாதிரி பின்னோக்கி வளைந்த நீளக் கொம்பு, முகவாயில் தாடி.

நியான்: நீளக் கால். தோளுயரம் ஒரு மீட்டருக்கு மேல். கிடா நூறு கிலோவை எட்டும். காலில் கறுப்புக் கோடு இருக்காது, பின்புறத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டு. குளிர்காலத்தில் கிடாவின் கழுத்து வெள்ளையாகத் தடித்திருக்கும். பாறைக்குள் ஏறி ஒளியாது, திறந்த சரிவில் ஓடித்தான் தப்பிக்கும். தூரத்தில் பார்த்தால் ஆடு என்றே தோன்றாது, மான் போலிருக்கும்.

குழப்பம் எல்லாம் பெட்டையில்தான். பெட்டை நியானின் கொம்பு சிறியது. பெட்டைப் பரலும் சாம்பல் கலந்த பழுப்புதான். அங்கே கொம்பைப் பார்த்துப் பயனில்லை. கால் நீளத்தையும், நிற்கும் இடம் பாறையா திறந்த சரிவா என்பதையும் பாருங்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். விமானமும் விடுதியும் விலை உச்சத்தில் இருக்கும் என்பது ஒரு பக்கம். அந்த மாதங்களில் சாங்பா மேய்ப்பர்கள் பஷ்மினா வெள்ளாடுகளோடும் செம்மறிகளோடும் மேல் புல்வெளிகளுக்கு ஏறிவிடுவார்கள். கூடவே நாய்கள். மந்தை வந்த சரிவில் நியான் நிற்காது, புல் குறைந்த இன்னும் உயரமான இடத்துக்கு நகர்ந்துவிடும். கிடாக்கள் தனிக் கூட்டமாகப் பிரிந்து போகும் காலமும் இதுதான்.

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் இருபது வரை நல்ல காலம். புல் மஞ்சளாகி, காற்று தெளிந்து, தொலைவில் இருப்பது தெரியும். இணைசேரும் காலம் நவம்பர், டிசம்பர் என்பதால் கிடாக்கள் அதற்கு முன்பே கீழே இறங்கத் தொடங்கும். இரவுக் குளிர் சுழியத்துக்குப் பத்து டிகிரி கீழே போகலாம். கூடாரத் தங்குமிடங்களைப் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியோடு பிரித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு ஊர்க்காரர் வீட்டு ஹோம்ஸ்டேதான்.

மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூன் பாதி வரை இரண்டாவது வாய்ப்பு. அது குட்டி ஈனும் காலம், ஆகவே இன்னும் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கணவாயில் பனி விழுந்து ஒரு நாள் முடங்குவதும் இந்த மாதங்களில் சகஜம்.

நவம்பர், டிசம்பரில் கிடாக்கள் முட்டிக்கொள்வதைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. முதல் பயணத்துக்கு அது வேண்டாம். வண்டியின் டீசல் உறையும் குளிர் அது.

3. ஒரே இடம், குறைந்தது மூன்று இரவு

ஒரு இரவு பாங்காங், ஒரு இரவு ஹான்லே, ஒரு இரவு சோ மொரிரி என்று முகவர் கொடுக்கும் அட்டவணையை அப்படியே திருப்பிக் கொடுங்கள். அது சாலை பார்க்கும் திட்டம். நியானைத் தேடக் கிடைப்பது காலை மூன்று மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும்தான். தினமும் இடம் மாறினால் அந்த நேரமெல்லாம் வண்டிக்குள் போய்விடும்.

இடத்துக்கு இரண்டு தேர்வுகள்.

சோ கார் ஏரி: லடாக்கின் முக்கிய நகரமான லேயிலிருந்து சுமார் 150 கி.மீ. உப்ஷி, மிரு, கியா, ரும்சே வழியாக 5,328 மீட்டர் உயரமுள்ள தக்லாங் லா கணவாயைத் தாண்டி, டெப்ரிங்கில் பிரிய வேண்டும். ஏரி இருப்பது ஏறத்தாழ 4,530 மீட்டரில். ஏரியைச் சுற்றிய உருண்ட குன்றுகளிலும், தக்லாங் லாவின் இரு பக்கச் சரிவுகளிலும் தேட வேண்டும். ரும்சேயில் ஒரு இரவு தங்கினால், கியா, மிரு பக்கத்து மலைகளையும் காலையில் பார்த்துவிடலாம். அதுவும் நியான் வாழும் பகுதிதான். சோ காரில் தங்க துக்ஜே கிராமம்.

ஹான்லே: லேயிலிருந்து 250 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். சிந்து நதியை ஒட்டியே சுமதாங், மாஹே, நியோமா, லோமா என்று போகும் சாலை. ஊரில் ஹோம்ஸ்டேக்கள் தாராளம், வானாய்வகம் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி ஆள் நடமாட்டம் உண்டு. சுற்றியுள்ள சமவெளியில் கியாங் என்ற காட்டுக் கழுதைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். நியான் அதற்கு மேலே, குன்றுகளின் தோளில்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஹான்லேதான் சரி. காரணம் வரைபடத்தில் தெரியாத ஒன்று. சோ கார் ஒரு கிண்ணம். இரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் கீழே இறக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து லே பக்கம் போக, முதலில் தக்லாங் லாவுக்கு எண்ணூறு மீட்டர் ஏறியாக வேண்டும். மறுபக்கம் புகா வழியாகப் போனாலும் ஐயாயிரத்தை ஒட்டிய போலோகோங்கா லா குறுக்கே நிற்கும். ஹான்லேயிலிருந்து அப்படியில்லை. தூரம் அதிகம்தான், ஆனால் பெரிய கணவாய் எதுவும் இல்லாமல் நதியோடு இறங்கிக்கொண்டே வரலாம்.

ஹான்லே போனால் ஒரு எச்சரிக்கை. 19,024 அடி உயரமுள்ள உம்லிங் லாவுக்குப் போய்ப் படம் எடுத்துவரலாம் என்று கூட வந்தவர்களில் யாராவது ஆரம்பிப்பார்கள். அதற்கு ஒரு முழு நாள் போகும், மறுநாள் தலைவலியோடு படுக்கையில் இருப்பார்கள். உங்கள் கணக்கில் இரண்டு காலைகள் காலி.

4. ஆவணங்கள்

இந்தியக் குடிமக்களுக்கு 2021 ஆகஸ்டிலிருந்து, எல்லையோரப் பகுதிகளுக்கான உள்கோட்டு அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பெர்மிட்) தேவையில்லை. இதைப் படித்துவிட்டு ஒன்றுமே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் கட்டணமும், காட்டுயிர்ப் பகுதிக்கு நாள் கணக்கில் சிறு கட்டணமும் உண்டு. லே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இணையதளத்தில் பணம் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய் என்ற அளவில் இருந்துவந்தது. இது அவ்வப்போது மாறும் என்பதால், கிளம்பும் வாரம் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். மொத்தத்தில் ஆளுக்கு 500, 600 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றின் அசல். ரசீதின் அச்சுப் பிரதி நான்கு. அடையாள அட்டையின் நகல் நான்கு. சோதனைச் சாவடியில் பிரதியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், போனில் காட்டுவது எல்லா இடத்திலும் செல்லாது. லே சந்தைக்குள் நகல் எடுக்கும் கடைகள் உண்டு, தாண்டினால் கிடையாது.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று எந்த வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் உங்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேண்டும். வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும் இதே விதிதான். பதிவுபெற்ற பயண முகவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும், தனி ஆளாக முடியாது. பாஸ்போர்ட் நகலும் விசா நகலும் கொடுத்தால் பொதுவாக ஒரு வேலை நாளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை லேயில் இறங்கினால் அந்த நாள் வீண். சீட்டு கைக்கு வந்ததும் அதில் அச்சான ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பட்டியலில் இல்லாத ஊரின் சாவடியில் எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு பொருட்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒன்று, செயற்கைக்கோள் போன் அல்லது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. வெளிநாட்டில் மலையேறுகிறவர்கள் பழக்கத்தில் பையில் போட்டு வந்துவிடுவார்கள். இந்தியாவில் முன் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். இரண்டாவது, ட்ரோன். எல்லைப் பகுதி, ராணுவப் பகுதி, காட்டுயிர் சரணாலயம் என்று மூன்று காரணத்துக்கும் சிக்கல் வரும்.

போன் விஷயம். தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே. குழுவில் இருவராவது வேறு வேறு நிறுவனத்தின் போஸ்ட்பெய்டு வைத்திருங்கள். ஒன்று எடுக்காத இடத்தில் மற்றொன்று எடுக்கும். பல இடங்களில் இரண்டும் எடுக்காது.

5. விமானமும் முதல் மூன்று நாளும்

சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து லே. லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், பிற்பகலில் காற்று அதிகம். ஆகவே முந்தின இரவே டெல்லி போய்ச் சேரும்படி பாருங்கள். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுவது நல்லது. வானிலையால் லே விமானம் ரத்தானால், தனித்தனி டிக்கெட் வைத்திருப்பவர் சென்னை விமானத்தின் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். திரும்பும்போது ஒரு நாளை உபரியாக வையுங்கள்.

லே நகரம் 3,500 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். இந்த வித்தியாசத்தை உடம்பு ஒன்றரை மணி நேர விமானத்தில் சரிக்கட்டாது. லடாக் நிர்வாகமே குறைந்தது 48 மணி நேரம் லேயில் ஓய்வெடுக்கச் சொல்கிறது. நியான் தேடப் போகிறவர்கள் 4,500 மீட்டரில் மூன்று இரவு தூங்கப் போகிறார்கள், அவர்களுக்கு மூன்று இரவு லே வேண்டும்.

முதல் நாள் படுக்கை, தண்ணீர், சூடான சூப், அவ்வளவுதான். தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று விடுதிக்காரர் சொன்னால் கேளுங்கள். மது இரண்டு நாளுக்குத் தொடவே கூடாது. இரண்டாம் நாள் சந்தை வரை மெதுவாக நடக்கலாம். மூன்றாம் நாள் மேற்கே சஸ்போல், அல்ச்சி பக்கம் போய்வாருங்கள். லேயைவிடத் தாழ்வு என்பதால் மூச்சு வாங்காது. அந்தச் சரிவுகளில் ஷாபோ இருப்பதால், பைனாகுலரில் மலை தேடக் கண் பழகும். நியான் மலைக்கு இதுதான் ஒத்திகை.

அசெட்டசோலமைடு மாத்திரை (கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள்) பொதுவாக 125 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று, உயரம் ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, மற்றவர்களும் ஊரிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. விரல் நுனி மரத்தால் பயப்படாதீர்கள், அது மருந்தின் குணம்.

பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், குடித்தவர் போலத் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம். சந்தேகம் வந்தால் தரையில் ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடும்படி பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும். லேயில் எஸ்.என்.எம். அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், லேயில் வாடகைக்குக் கிடைக்கும். கையில் பிடிக்கிற ஸ்ப்ரே டப்பா மன ஆறுதலுக்குத்தான்.

6. வண்டியும் ஆளும்

லேயில் டாக்ஸி யூனியன் ஆண்டுதோறும் ரேட் அட்டை போடுகிறது. எந்த ஊருக்கு எவ்வளவு, இரவு தங்கினால் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அட்டையின் படத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டுப் பேசுங்கள். சீசன் முடிந்த அக்டோபரில் கொஞ்சம் குறைப்பார்கள். வெளிமாநில வாடகைக் காரை எடுத்துவந்து உள்ளே சுற்ற முடியாது, யூனியன் ஆட்கள் வழிமறித்து நிறுத்திவிடுவார்கள். மலிவு என்று மணாலியில் எடுத்துவந்து லேயில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டாவது வண்டிக்கும் பணம் கொடுப்பவர்கள் உண்டு.

யூனியன் ரேட்டுக்குள் அடங்காத ஒன்றை முதலிலேயே பேசுங்கள். சேர்ந்த ஊரில் தினமும் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பத்து இருபது கிலோமீட்டர் ஊர்ந்து, ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்த வேண்டும். சாதாரண டிரைவருக்கு இது புரியாது, காலை ஒன்பதுக்கு வண்டி எடுக்கிற பழக்கம் அவருக்கு. தினசரி உள்ளூர்ச் சுற்றுக்குத் தனித் தொகை என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் காலையில், உறைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சண்டை தொடங்கும்.

காட்டுயிர் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம். பறவை பார்ப்பவர்களையும் பனிச்சிறுத்தை பார்ப்பவர்களையும் கூட்டிப்போகிறவர்களைக் கேளுங்கள். ஆளைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: போன வாரம் நியான் எந்தச் சரிவில் இருந்தது? ‘எல்லா இடத்திலும் இருக்கும் சார்’ என்று பதில் வந்தால் அடுத்தவரைத் தேடுங்கள். விவரமானவர், மந்தை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவார்.

லேயை அடுத்த காரு என்ற ஊரைத் தாண்டினால் பெட்ரோல் பம்பை நம்பாதீர்கள், டேங்கை அங்கேயே நிரப்புங்கள். பணமும் லேயிலேயே எடுங்கள். நெட்வொர்க் இல்லாத இடத்தில் ஜீபே வேலைக்காகாது.

7. பையில் என்ன

8x42 அல்லது 10x42 பைனாகுலர் ஆளுக்கொன்று. கணவனும் மனைவியும் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தால், முதல் நியான் தெரியும் நிமிடத்தில் குடும்பத்தில் விரிசல் விழும். 20–60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஒன்று, கனமான முக்காலியோடு. சொந்தமாக இல்லையென்றால், ஸ்கோப் வைத்திருக்கும் வழிகாட்டியையே பிடியுங்கள். இது இல்லாமல் முக்கால் கிலோமீட்டர் தொலைவில் கிடாவா பெட்டையா என்று சொல்ல முடியாது.

கேமராவுக்கு 500, 600 மி.மீ. லென்ஸ் இருந்தாலும் படம் சின்னதாகத்தான் வரும். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி பாதி நேரத்தில் தீரும், உபரிப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். விமானத்தில் அவற்றைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

உடைக்கு மூன்று அடுக்கு: உள்ளே கம்பளி அல்லது தெர்மல், நடுவே இறகு அடைத்த கோட்டு, வெளியே காற்று புகாத சட்டை. பிற்பகலில், சோ காரும் ஹான்லேயும் இருக்கும் சாங்தாங் சமவெளியில் அடிக்கும் காற்றுக்கு நடு அடுக்கு மட்டும் நிற்காது. சிவப்பு, ஆரஞ்சு வேண்டாம், மண் நிறம் போதும். ஸ்கோப்பின் திருகைத் திருப்ப வசதியாக மெல்லிய கையுறை, அதன் மேல் தடித்தது.

8. மலையில் தேடும் முறை

சூரியன் எழும்போது நீங்கள் சரிவுக்கு எதிரே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் தரைச் சூட்டில் காற்று நடுங்கத் தொடங்கும். ஸ்கோப்பில் எல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளியும். மதியம் நியான் மேல் சரிவில் படுத்து அசைபோடும், பழுப்புக் கல்லோடு கல்லாக. மாலை நாலுக்கு மேல் மறுபடி எழுந்து மேயும்.

வண்டியை நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். முதலில் வெறும் கண்ணால் முகடு முழுவதையும் ஒரு முறை பாருங்கள், வானத்தை ஒட்டி நிற்கும் உருவம் உடனே தெரியும். பிறகு பைனாகுலரில் மலையை நிலப்பட்டா போலத் துண்டு துண்டாகப் பிரித்து, இடமிருந்து வலம், ஒரு துண்டுக்கு ஒரு நிமிடம். புல் முடிந்து சரளை தொடங்கும் விளிம்பில் அதிக நேரம் செலவிடுங்கள். தேட வேண்டியது கொம்பை அல்ல, பின்புறத்து வெள்ளையை. வெள்ளையாகத் தெரிவதில் பத்துக்கு ஒன்பது கல்லாகத்தான் இருக்கும். சந்தேகமானதைக் குறித்துவைத்து மூன்று நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இடம் மாறியிருந்தால் அப்போது ஸ்கோப்பைத் திருப்புங்கள்.

வெள்ளாட்டு மந்தையோ நாயோ தெரியும் சரிவில் நேரத்தை வீணாக்காமல் அடுத்ததற்குப் போங்கள். ஆனால் மேய்ப்பரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லி, பெரியவராக இருந்தால் ஆச்சோ (அண்ணா), பெண்மணியாக இருந்தால் ஆமா-லே (அம்மா) என்று அழைத்து, ‘நியான்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மலையைக் காட்டினாலே போதும். கை நீட்டும் திசை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கண்ணில் பட்டபின் செய்கிற தவறுதான் மிகப் பெரியது: வண்டியை விட்டு இறங்கி நடப்பது. ராஜமலையில் வரையாட்டைப் பாதையோரத்தில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும். வரையாடு ஆபத்து வந்தால் பாறைக்கு ஓடும், அந்த நம்பிக்கையில் நின்று பார்க்கும். நியானுக்கு ஓட்டம் மட்டுமே தற்காப்பு. அதனால் சீக்கிரம் கிளம்பிவிடும், ஒரு மலை தாண்டித்தான் நிற்கும். பனிக்காலத்துக்குச் சேர்த்த கொழுப்பை ஐயாயிரம் மீட்டரில் ஓடியே கரைக்கும். அதற்குக் காரணம் உங்கள் படமாக இருக்க வேண்டாம்.

அரை கிலோமீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். ஒன்றிரண்டு தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால் அசையாதீர்கள். மொத்தக் கூட்டமும் மேய்வதை நிறுத்தி நெருங்கி நின்றால், மெதுவாகப் பின்வாங்குங்கள். வண்டித் தடத்தை விட்டுச் சமவெளியில் இறக்குவது சரணாலயத்துக்குள் குற்றம். அங்கே ஒரு டயர் தடம் பதிந்தால் அந்த இடத்தில் புல் முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். டிரைவர் ‘பக்கத்துல போலாம் சார்’ என்று ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

9. செலவு

பத்து நாள், இரண்டு பேர், அக்டோபர் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு ஆள் ஒருவருக்கு ஒதுக்க வேண்டிய தொகை: விமானம் 25,000. லேயில் ஐந்து இரவு அறையில் பாதிப் பங்கு 6,000. ஹோம்ஸ்டே நான்கு இரவு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு 6,000. ஐந்து நாள் வண்டியில் பாதிப் பங்கு 22,500. வழிகாட்டியில் பாதிப் பங்கு 7,500. லேயில் சாப்பாடு 2,500. கட்டணங்கள் 500. மொத்தம் 70,000. நான்கு பேராகப் போனால் வண்டியும் வழிகாட்டியும் பாதியாகி 55,000க்கு வரும். ஐந்தாவது ஆளைச் சேர்க்காதீர்கள். பின் இருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவருக்கு ஜன்னல் கிடையாது, ஜன்னல் இல்லாதவர் எதையும் பார்க்கப் போவதில்லை.

இதற்கு மேல் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாக வைத்திருங்கள். சாலை அடைத்து ஒரு நாள் நின்றாலோ, ஒருவரை மட்டும் அவசரமாக லேக்கு அனுப்ப வேண்டியிருந்தாலோ அது வேண்டியிருக்கும்.

10. கொம்பைத் தொட்டுப் பார்க்கலாம், எடுக்கக் கூடாது

ஊருக்கு வெளியே, வீட்டுக் கூரை மேலே, கணவாய் உச்சியில் லாதோ எனப்படும் சிறு கோயில்கள் இருக்கும். சதுரக் கல்மேடை, நடுவில் கட்டு கட்டாகக் குச்சிகள், வெள்ளைத் துணி, அடியில் காய்ந்து வெளுத்த கொம்புகள். ஐபெக்ஸ், பரல், சில இடங்களில் நியான். உயிருள்ளதைத் தேடும் முன் இதன் பக்கத்தில் பத்து நிமிடம் நிற்பது நல்ல பாடம். பரல் கொம்பு விரலுக்கு வழுக்கும். நியான் கொம்பில் குறுக்கே வரி வரியாக மேடு, அடிப்பாகம் ஆளின் கெண்டைக்கால் பருமன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், தெய்வத்துக்கு வைத்தது.

மேய்ச்சல் நிலத்தில் ஓநாய் தின்று போட்ட கொம்பும் சில நேரம் கிடக்கும். கீழே கிடந்ததுதானே என்று பையில் போட்டால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கின் பாகத்தை வைத்திருந்த வழக்கு. மூன்றிலிருந்து ஏழு ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். லே விமான நிலையத்தில் பைகளை ஊடுகதிரில் பார்ப்பவர்களுக்குச் சுருண்ட கொம்பு எப்படித் தெரியும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.